பழைய தேக்குக் கதவுக்கு மறுபூச்சு: பிசுபிசுப்பும் பிரஷ் கோடும் இல்லாமல்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: காரைக்குடிப் பக்கம் பழைய வீடு. வளவை (வீட்டின் நடு முற்றப் பகுதியை) சுற்றியுள்ள அறைகளுக்கு எட்டுக் கதவுகள், எல்லாம் தேக்கு, தலைமுறை தலைமுறையாக எனாமல் அடித்து வந்தவை. இரண்டு வருஷத்துக்கு முன் அடித்த வெள்ளை இப்போது மஞ்சளாகிவிட்டது, கை வைத்தால் பிசுபிசுக்கிறது, பிரஷ் கோடு வரிவரியாகத் தெரிகிறது. மாசியில் வீட்டில் கல்யாணம். வழவழப்பாக வர எந்தப் பெயிண்ட் வாங்குவது என்கிறீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுக்கும் காரணம் வேறு வேறு. அவற்றில் மஞ்சளாவது ஒன்றுக்குத்தான் பெயிண்டை மாற்றினால் தீர்வு கிடைக்கும். மற்ற இரண்டும் பூச்சுக்கு அடியிலும் பூசிய கையிலும் இருக்கின்றன. எவ்வளவு விலை உயர்ந்த டப்பா வாங்கினாலும் அவை திரும்ப வரும்.

முதலில் மஞ்சள். எண்ணெய் கலந்த எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். அது அந்தப் பெயிண்டின் குணம். போலிச் சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். வளவுப் பக்கம் பார்த்த முகம் வெள்ளையாகவும், அறைக்குள் பார்த்த முகம் மஞ்சளாகவும் இருந்தால் இதுதான் காரணம். சந்தேகம் இருந்தால் ஈரத்துணியில் கொஞ்சம் சோப்புத் தொட்டு ஒரு மூலையைத் துடையுங்கள். துணியோடு மஞ்சள் வந்தால் அது விளக்குப் புகையும் சமையல் எண்ணெயும். வராவிட்டால் பூச்சே நிறம் மாறியிருக்கிறது. அக்ரிலிக் எனாமல் என்று விற்கப்படும் தண்ணீர் கலக்கும் எனாமலுக்கு இந்தக் குறை கிடையாது. ஆகவே இருட்டறைக் கதவுக்கு வெள்ளையோ வெளிர் சந்தன நிறமோ வேண்டுமென்றால் அதைத்தான் வாங்க வேண்டும். அடர் பழுப்போ பச்சையோ அடிப்பதென்றால் எண்ணெய் எனாமலே போதும். மஞ்சளானாலும் அதில் தெரியாது, கடினமாகவும் காயும்.

பிசுபிசுப்பு கைப்பிடியைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மட்டும் இருந்தால், நாள்பட்ட கைப்பிசுக்கு எனாமலை இளக்கியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைக் கழுவித் தேய்த்தால் போதும். கதவு முழுக்கப் பிசுபிசுத்தால் விஷயம் பெரிது: பூச்சு உள்ளே காயவே இல்லை. இதற்கு மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். வெற்றுத் தேக்கின் மேல் நேராக எனாமல் அடித்திருப்பார்கள். தேக்கில் இருக்கும் இயற்கை எண்ணெய்ப்பசை, எனாமல் காற்றோடு சேர்ந்து இறுகுவதைத் தடுக்கும். அல்லது ஒரே தடவையில் கனமாக அப்பியிருப்பார்கள். மேலே தோல் கட்டி, அடியில் கூழாகவே நிற்கும். அல்லது டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் கலந்திருப்பார்கள்; அது மெதுவாகத்தான் ஆவியாகும், பளபளப்பையும் கெடுக்கும். எந்தக் காரணம் என்று தூரத்திலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதை நகத்தாலேயே தீர்மானிக்கலாம். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் அந்தப் பூச்சின் மேல் எதையும் அடிக்கக் கூடாது, அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். இளகிய பூச்சின் மேல் கடினப் பூச்சு ஏறினால், சில மாதங்களில் முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடிக்கும்.

நகத்தடம் விழவில்லையென்றால் இன்னொரு சோதனை. பிளேடால் # மாதிரி நெருக்கமாகக் கீறி, நல்ல ஒட்டுத்தாளை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். சதுரங்கள் தாளோடு வந்தால் பழைய பூச்சு மரத்தைப் பிடித்திருக்கவில்லை, எடுக்க வேண்டும். நின்றால் தேய்த்துவிட்டு மேலேயே அடிக்கலாம். மேலே இருப்பது எண்ணெய் எனாமலா, தண்ணீர் எனாமலா என்று தெரியாவிட்டால், பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிஷம் தேயுங்கள். இளகிப் பஞ்சில் நிறம் ஒட்டினால் தண்ணீர் வகை, அசையாவிட்டால் எண்ணெய் வகை.

எதையும் தேய்ப்பதற்கு முன் ஈயத்தைப் பற்றி. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவில் அதற்கு முந்தைய பூச்சுகள் நிச்சயம் இருக்கும். அவற்றில் ஈயம் இருக்கிறதா என்பதைச் சோதித்தால்தான் தெரியும். சோதிக்காதவரை இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்த தேய்ப்பு வேண்டாம்; மெஷின் சாண்டர் வேண்டவே வேண்டாம். வாட்டர் பேப்பரை (ஈரத்தைத் தாங்கும் உப்புத்தாளை) தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வரும் கூழை ஈரத்துணியால் வழித்து எடுத்து, துணியோடு பையில் கட்டிவிடுங்கள். தேய்ப்பவர் என்95 முகக்கவசம் போட வேண்டும். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த வேலை முடியும்வரை அந்தக் கட்டுக்கே வரக் கூடாது. கூழைக் கழுவி வளவு முற்றத்தில் ஊற்றிவிட்டுப் போகும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கைப்பிடித் தகட்டைக் கழற்றி, அதன் அடியில் ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டிப் பாருங்கள். பொன் பழுப்பில், தொட்டால் மெழுகு போல, தோல் வாசம் அடிக்கும் பழைய பர்மா தேக்கு தெரிந்து, கதவில் செதுக்கு வேலையும் இருந்தால், பெயிண்ட் அடிப்பதை மறுபடி யோசியுங்கள். அந்த மரம் இன்று அந்த அளவில் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பூச்சும் செதுக்கலின் கூர்மையை மழுக்கிக்கொண்டே போகிறது. பூச்சை முழுக்க எடுத்து அரக்குப் பாலிஷோ மங்கலான பி.யு. (பாலியூரிதேன்) பூச்சோ போடுவது கூலியில் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். எட்டையும் செய்ய முடியாவிட்டால் வேலைப்பாடு உள்ள ஒன்றிரண்டை மட்டும் அப்படிச் செய்து, மற்றவற்றுக்குப் பெயிண்ட் அடிக்கலாம். கல்யாணத்துக்கு நாள் போதாதென்றால் அந்த இரண்டை இப்போது தொடாமல் விட்டுவையுங்கள். அவசரத்தில் எடுத்தால் மரம்தான் காயப்படும்.

பூச்சை எடுப்பதற்குக் காஸ்டிக் சோடா மலிவு என்று யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேக்கு கறுத்துவிடும், மூட்டுகளில் புகுந்த காரம் வெளியே வராது, மேலே அடிக்கும் எதுவும் பின்னால் உரியும். பெயிண்ட் ரிமூவர் கூழ் பாதுகாப்பானது, ஆனால் மரத்துக்குத்தான்; ஆளுக்கு இல்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தங்கும். ஆகவே கதவைக் கழற்றி வளவிலோ பின்கட்டிலோ திறந்த வெளியில் வைத்துச் செய்ய வேண்டும். கனமாக ஒரே திசையில் அப்பி, மேலே பாலிதீன் தாள் போர்த்தி, 20 முதல் 30 நிமிஷம் விட்டு, முனை மழுங்கிய ஸ்கிராப்பரால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் வழிக்க வேண்டும். பல அடுக்கு இருந்தால் இரண்டு மூன்று தடவை ஆகும். செதுக்கலுக்குள் மூங்கில் குச்சியைச் சீவிப் பயன்படுத்துங்கள், இரும்பு வேண்டாம். ஹீட் கன் (சூடான காற்றால் பூச்சை இளக்கும் கருவி) என்றால் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் வையுங்கள். அதற்கு மேலே போகப் போக ஈயம் புகையாகும் ஆபத்து கூடும், மரமும் கருகும்.

கதவைக் கழற்றுவது நல்லதுதான், கீல் வைத்த கதவாக இருந்தால். கீல் இல்லாமல், மேலும் கீழும் உள்ள குடுமி குழியில் சுழலும் பழைய குடுமிக் கதவுகளை நிலையிலிருந்து எடுக்கப் போனால் குழியும் குடுமியும் சேதமாகும். அவற்றை இருக்கும் இடத்திலேயே செய்யுங்கள், மூடிய அறையில் ரிமூவர் மட்டும் வேண்டாம். பித்தளை வளையம், தாழ்ப்பாள், குமிழ் எல்லாவற்றையும் கழற்றி, கதவு வாரியாகத் தனித்தனிப் பையில் எண் போட்டு வையுங்கள். அவற்றின் மேல் ஏறிய பெயிண்டைச் சுரண்டாதீர்கள். சோப்புத்தூள் போட்ட கொதிநீரில் அரை மணி நேரம் கிடந்தால் தோலாக உரிந்து வரும். தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் முதலில் பழைய துணி, அதன்மேல் பாலிதீன், ஓரத்தில் மண் மூட்டையோ கட்டையோ வைத்து அழுத்துங்கள். அந்தக் கல் சிமெண்டால் ஆனது, துளையுள்ளது. டர்பன்டைனில் கரைந்த நிறம் உள்ளே இறங்கினால் வெளியே எடுக்க முடியாது. ஆசிட் ஊற்றினால் கல்லே அரிக்கும். முட்டை வெள்ளை கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி இரவெல்லாம் விடாதீர்கள். டேப்போடு மெருகும் வரும். நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு அடிப்பது மேல்.

தயாரிப்பின் முதல் படி கழுவுவது. தேய்த்த பிறகு கழுவினால் பிசுக்கை மரத்துக்குள் தேய்த்து ஏற்றியதாக ஆகும். அரை வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சோப்புத்தூள் போட்டுக் கழுவி, இரண்டு தடவை நல்ல தண்ணீரில் துடையுங்கள். நிலையில் மஞ்சள் பூசிய இடம் சோப்பு பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம்; காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான். ஆனால் அந்தக் கறை மேலே அடிக்கும் பூச்சில் ஊறி வரும் என்பதால், ஸ்பிரிட் தொட்ட துணியால் துணியில் நிறம் ஏறாதவரை துடைத்து எடுக்க வேண்டும். விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் உள்ள கதவுகளில் எண்ணெய் ஆவி படிந்திருக்கும். அதை விட்டுவிட்டு அடித்தால் பெயிண்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும். பெயிண்டர்கள் மீன்கண் என்று சொல்வது இதைத்தான்.

இனி தேய்ப்பு. பிரஷ் கோடு உங்கள் பெரிய மனக்குறையாக இருப்பதால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். பழைய கோடுகள் பூச்சுக்குள் மேடாக நிற்கின்றன. மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் அந்த மேடு தெரியும். கதவு முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிடுங்கள். 180-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை மரக்கட்டையில் சுற்றி, கிறுக்கல் எல்லாம் மறையும்வரை தேயுங்கள். பள்ளத்தில் கிறுக்கல் மிச்சம் இருந்தால் அந்த இடம் இன்னும் சமமாகவில்லை. கையால் மட்டும் பிடித்துத் தேய்த்தால் விரல் போன இடமெல்லாம் பள்ளமாகும். பிறகு 320-ஆல் ஒரு தேய்ப்பு. பழைய பளபளப்பு ஒரு இடத்திலும் மிச்சமில்லாமல், கதவு முழுக்கச் சாம்பல் பூத்தது போல மங்கலாக வேண்டும். பளபளப்பு நின்ற இடம்தான் நாளைக்கு உரியும் இடம்.

தேய்க்கும்போது தேக்கு தெரிந்த இடங்களை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் மூடிவிடுங்கள். விட்டால் எண்ணெய்ப்பசை மறுபடி மேலே வரும். என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்கான கரைப்பான்) இன்னும் நன்றாக எடுக்கும், ஆனால் பக்கத்தில் இருக்கும் பழைய எனாமலைச் சுருக்கிவிடும். முழுக்கச் சுரண்டிய கதவுக்கு மட்டும் அது. தேக்கு தெரிந்த அந்த வெற்று இடங்களுக்கு முதல் பூச்சாக, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 120 கிராம் அரக்குத் தகடு ஊறவைத்து, மெழுகு அடியில் தங்கியபின் மேலே தெளியும் அரக்கை மட்டும் எடுத்து ஒரு கை இழுக்கலாம். தேக்கின் எண்ணெயையும் பழுப்புச் சாயத்தையும் சேர்த்து அடைப்பதில் இதற்கு இணை இல்லை. அதைச் செய்யாமல் தண்ணீர் வகை பிரைமரை (எனாமலுக்கு முந்தைய அடிப்பூச்சை) வெற்றுத் தேக்கில் அடித்தால், மறுநாள் வெள்ளையில் டீக்கறை போலத் திட்டு வரும்.

பிரைமர் எண்ணெய் வகை மர பிரைமராக இருக்கட்டும். அதன்மேல் இரண்டு வகை எனாமலும் நிற்கும். தண்ணீர் எனாமல் அடிப்பதென்றால் பிரைமர் முழுசாக 24 மணி நேரம் காய்ந்து, 320-ஆல் தேய்த்த பிறகு. பிரைமர் அடித்த பிறகுதான் பட்டி பார்க்க (பள்ளங்களைப் பட்டியால் நிரப்ப) வேண்டும், முன்னால் இல்லை. வெற்று மரம் பட்டியின் எண்ணெயை உறிஞ்சி, அதைப் பொடியாக்கிவிடும். மரத்துக்குரிய பட்டியே வாங்குங்கள். சுவருக்கு மிச்சமான சிமெண்ட் பட்டியைக் கதவில் தடவுவதைப் பல இடத்தில் பார்க்கலாம். மரம் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும்போது அது கூட அசையாது, விரிசல் விட்டு உதிரும். பட்டி காய்ந்ததும் தேய்த்து, பட்டி வைத்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர் தொட வேண்டும். தொடாவிட்டால் அந்த இடம் பெயிண்டைக் கூடுதலாக உறிஞ்சி மங்கல் திட்டாகத் தெரியும். இந்தக் கட்டத்தில் அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கதவோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். இப்போது தெரியும் மேடுபள்ளம் எல்லாம் நாளை வளவு வெளிச்சத்தில் தெரியும்.

மெருகு எந்த அளவு என்பதில் என் கருத்து சாட்டின், அதாவது மிதமான பளபளப்பு. வளவிலிருந்து வெளிச்சம் கதவின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறது. முழுப் பளபளப்பு எனாமலில் ஒவ்வொரு தூசியும் கோடும் நிழல் கட்டி நிற்கும். மேட் (பளபளப்பே இல்லாத பூச்சு) என்றால் கைபட்ட இடம் அழுக்காகி, துடைக்கத் துடைக்கப் பளபளக்கத் தொடங்கும். சாட்டின் இரண்டுக்கும் நடுவே குறையை மறைக்கும், துடைக்கவும் தாங்கும். இது ரசனை சார்ந்தது. பழைய வீட்டுப் பளபளப்புதான் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் அதுவும் முடியும், தேய்ப்பு வேலை இரண்டு மடங்காகும் அவ்வளவுதான்.

அடிக்கும் நாளில் பெயிண்டை நைலான் துணியில் வடிகட்டி, தேவையானதை மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எனாமலுக்கு லிட்டருக்கு 50 முதல் 100 மில்லி டர்பன்டைன், தண்ணீர் எனாமலுக்கு அதே அளவு தண்ணீர். டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் டப்பாவைக் கேளுங்கள். சட்டமும் பலகையும் உள்ள கதவில் வரிசை முக்கியம்: முதலில் பீடிங் (பலகையைச் சுற்றி ஓடும் மெல்லிய மர விளிம்பு) ஓரங்கள், பிறகு பலகைகள், அடுத்து நடுச் சட்டம், குறுக்குச் சட்டங்கள், கடைசியாக இரு பக்க நெடுஞ்சட்டங்களும் விளிம்பும். இப்படிப் போனால் ஒவ்வொரு மூட்டிலும் கடைசி இழுப்பு மரத்தின் ரேகையோடு முடியும். அகலமான பரப்பில் 4 அங்குல ஸ்பாஞ்ச் ரோலரால் பரப்பி, உடனே 2 அங்குல மென்மையான பிரஷ்ஷின் நுனியால், கிட்டத்தட்ட அதன் எடை மட்டும் படுகிற மாதிரி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும். அதன்பின் தொடக் கூடாது. பிரஷ் கோடு பெரும்பாலும் பிறப்பது, காயத் தொடங்கிய இடத்தை அழகு பார்த்து மறுபடி தொடும்போதுதான். தண்ணீர் எனாமலில் அந்த அவகாசம் சில நிமிஷம்தான். அதனால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஒரு பலகையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முதல் பூச்சு நிறத்தை மூடாவிட்டால் கவலைப்படாமல் மெல்லியதாகவே விடுங்கள். எண்ணெய் எனாமலுக்கு ஒரு நாள், தண்ணீர் எனாமலுக்கு நான்கு மணி நேரம் விட்டு, 400 வாட்டர் பேப்பரால் லேசாகத் தடவித் தூசி முனைகளை எடுத்து, துடைத்து, இரண்டாம் பூச்சு. மூன்று மெல்லிய பூச்சு எப்போதும் இரண்டு கனத்த பூச்சைவிட நன்றாகக் காயும். பீடிங் மூலைகளில் பெயிண்ட் தேங்கி வழிவது அடித்துப் பத்து நிமிஷம் கழித்துத்தான் தெரியும். திரும்பி வந்து ஒரு முறை பார்த்து, உலர்ந்த பிரஷ் நுனியால் எடுத்துவிடுங்கள். அதற்குள் காய்ந்திருந்தால் விட்டுவிட்டு, மறுநாள் தேய்ப்பதே சரி.

அளவு: சுமார் 7 அடிக்கு 3 அடிக் கதவு, இரண்டு முகமும் விளிம்பும் சேர்ந்து 50 சதுர அடி, நிலைக்கு 15. எட்டுக்கும் சேர்த்து 520 சதுர அடி வரும். பிரைமர் 5 லிட்டர், எனாமல் இரண்டு பூச்சுக்கு 5 லிட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். செதுக்கு வேலை அதிகம் என்றால் இன்னொரு லிட்டர். வெளிர் நிறத்துக்கு எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் கலந்துவிட்டு எடுங்கள், இல்லையென்றால் கதவுக்குக் கதவு நிறம் ஒரு மாற்று குறையும். பழைய பூச்சு எடுக்காத கதவுகளில், மூடிய நிலையில் நிலைக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு ஏ.டி.எம். அட்டை சேர்ந்து நுழைகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். நுழையாவிட்டால் விளிம்பைச் சீவித்தான் அடிக்க வேண்டும். இல்லையென்றால் புதுப் பூச்சு முதல் வாரத்திலேயே உரசிக் கிழியும்.

நாள் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்க வேண்டாம். ஈரக்காற்றில் எனாமல் மங்கிப் பூத்துவிடும், மரமும் உப்பியிருக்கும். மழை ஓய்ந்த மார்கழிப் பின்பாதியில் கழுவல், சுரண்டல், தேய்ப்பு. தை முதல் இரண்டு வாரத்தில் பனி விலகிய பிறகு காலை ஒன்பது மணிக்கு மேல் பூச்சு. தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே இறுக எண்ணெய் எனாமலுக்கு ஒரு வாரம், தண்ணீர் எனாமலுக்கு மூன்று வாரம் ஆகும். அதுவரை கதவை இறுக்கிச் சாத்தாதீர்கள். தண்ணீர் எனாமல் நிலையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது தோலாக உரியும். ராத்திரி சாத்தியே ஆக வேண்டிய அறை என்றால், கதவு நிலையில் படும் விளிம்பில் முகப்பவுடர் தடவிவிட்டு, நிலையில் பாலிதீன் துண்டு தொங்கவிட்டு மெதுவாகச் சாத்துங்கள். தாழ்ப்பாளையும் வளையத்தையும் ஒரு வாரம் கழித்து மாட்டுங்கள். கல்யாணத்துக்கு நிலையில் மஞ்சள், குங்குமம் வைப்பதும் தோரணம் ஒட்டுவதும் அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு என்றால் கறை தங்காமல் ஈரத்துணியில் பெரும்பாலும் வந்துவிடும். தோரணத்துக்கு ஒட்டுநாடா வேண்டாம், நிலையின் மேல் ஏற்கெனவே இருக்கும் ஆணியில் நூல் கட்டிக்கொள்ளுங்கள்.